தள்ளுபடியானது கடனா, கணக்கா?

மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவே எங்கள் ஊர். வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். அவர்கள் வாங்கி வரும் வழிகாட்டி நூல்களில் 'குழப்பம் தரும் சொற்கள்' என்று ஒரு பட்டியல் கட்டாயம் இருக்கும். பிரின்சிபல் என்று ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு சொற்களில் எது கல்லூரி முதல்வர், எது கொள்கை. ஸ்டேஷனரி என்பதில் எந்த எழுத்துப் போட்டால் எழுதுபொருள், எந்த எழுத்துப் போட்டால் நகராமல் நிற்பது. தேர்வில் ஒன்றிரண்டு மதிப்பெண் இதில் கிடைக்கும். சரி, படிக்கட்டும்.

ஆனால் இந்தப் பக்கம் வீடுகளுக்குக் கடிதமாகவும், பத்திரமாகவும், செல்பேசிக் குறுஞ்செய்தியாகவும் வரும் சொற்கள் அந்தப் பட்டியலில் இருப்பதில்லை. வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளின் அப்பாவோ சித்தப்பாவோ ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். அவற்றைப் படித்துப் படித்து எனக்குத் தெளிவாகத் தெரிந்த ஒன்று உண்டு. எழுத்து ஒன்றுபோல் இருப்பதால் வரும் குழப்பம் சின்னது. இரண்டு மூன்று ஆங்கிலச் சொற்கள் தமிழில் ஒரே சொல்லாகி நம் காதில் விழுகின்றனவே, அந்தக் குழப்பம்தான் பெரியது. அகராதியைப் புரட்டினாலும் தீராது, ஏனென்றால் அகராதியும் அதே தமிழ்ச் சொல்லைத்தான் காட்டும்.

ஈரப்பதத்தை எடுத்துக்கொள்வோம். வானிலைச் செய்தியில் 'காற்றில் ஈரப்பதம் 90 சதவீதம்' என்கிறார்கள். கொள்முதல் நிலையத்தில் 'ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க முடியாது' என்கிறார்கள். முதலாவது ஹ்யூமிடிட்டி, இரண்டாவது மாய்ஸ்சர். நெல்லில் 17 சதவீதம் என்றால் நூறு கிலோ நெல்லில் 17 கிலோ தண்ணீர் என்று பொருள். எடையைக் கொண்டு சொல்லும் கணக்கு அது. காற்றின் 90 சதவீதம் வேறு வகை. அந்த நேரத்து வெப்பத்தில் காற்று அதிகபட்சம் எவ்வளவு நீராவியைத் தாங்குமோ, அதில் 90 பங்கு இப்போது இருக்கிறது என்பதுதான் அது. இரவில் குளிர்ந்தால் காற்று தாங்கும் அளவே குறைந்துவிடும். புதிதாக ஒரு சொட்டு நீராவி சேராமலேயே விடியற்காலையில் அந்த எண் 100ஐத் தொட்டுவிடும்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், சம்பா அறுவடை சமயத்தில் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் எங்கள் ஆட்கள் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தை பிறந்து அறுவடை மும்முரமானால் சாலையின் ஒரு பாதி நெல்தான். காலையில் பரப்பி, காலால் வரி வரியாகக் கிளறிவிட்டு, சாயங்காலம் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். நிலையத்தில் வரிசை நகராமல் மறுநாள் ஆகிவிடும். ஈரமானியின் கிண்ணத்தில் ஒரு கைப்பிடி நெல்லைப் போட்டு, மூடியைத் திருகி அழுத்தியதும் எண் வரும். "நேத்து பதினாறு காட்டுச்சு தம்பி, இன்னிக்கு பத்தொம்பதுங்கிறான். மெஷின்ல என்னமோ பண்றானுங்க" என்று ஒரு பெரியவர் என்னிடம் வந்து கொதித்தார். மானி பழுதாக இருக்கலாம், அதைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் மானி சரியாக இருந்தாலும் இப்படி நடக்கும். காய்ந்த நெல் சுற்றியிருக்கும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பனி இறங்கும் இரவில் ஹ்யூமிடிட்டி ஏறினால், குவியலின் மேல்பக்க நெல்லில் மாய்ஸ்சரும் ஏறும். மேலாக ஒரு கை அள்ளிப் போட்டால் ஒரு எண் வரும், குவியலின் உள்ளிருந்து எடுத்துப் போட்டால் இன்னொரு எண் வரும். இரண்டு சொல்லும் வேறு வேறு என்று தெரிந்த பிறகுதான், ஒன்று மற்றொன்றை எப்படி ஏற்றுகிறது என்பதே கண்ணுக்குத் தெரிகிறது. "உள்ளேருந்தும் எடுத்துப் போட்டுப் பாருங்க" என்று கேட்க அவருக்குத் தைரியம் வந்தது. மழை பிடித்துக்கொண்ட ஆண்டுகளில் மாநில அரசு கேட்டு, மத்திய அரசு இந்த 17ஐத் தளர்த்தியதும் உண்டு. அந்த ஆணைகளில் வரும் சொல் மாய்ஸ்சர்தான்.

தண்ணீர் பக்கம் வந்தால் குழப்பங்கள் இன்னும் சுவையானவை. ட்ரிபியூட்டரி, டிஸ்ட்ரிபியூட்டரி என்ற இரண்டையும் பிள்ளைகள் மாற்றி எழுதாத தேர்வே கிடையாது. ஆற்றில் வந்து சேர்வது முதலாவது. ஆற்றிலிருந்து பிரிந்து போவது இரண்டாவது. ஹேமாவதி, கபினி, பவானி, நொய்யல், அமராவதி எல்லாம் காவிரியில் வந்து சேர்பவை. கல்லணைக்கு இந்தப் பக்கம் எல்லாமே பிரிபவை. கல்லணையில் நின்று பார்த்தால் தெரியும்: காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், எங்கள் பக்கத்தில் புது ஆறு என்று இன்றும் சொல்லும் கல்லணைக் கால்வாய். அப்புறம் குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, வீரசோழன் என்று விரல் விரலாகப் பிரிந்துகொண்டே போகும். டெல்டா என்ற பெயரே கிரேக்க எழுத்தின் முக்கோண வடிவத்தைப் பார்த்து நைல் நதிக்கு வைத்ததுதான். நான் வகுப்பில் இதற்கு மனப்பாட உத்தி எதுவும் சொல்வதில்லை. "உங்க வயலுக்குத் தண்ணி எதுலேருந்து வருது?" என்று கேட்பேன். ஒவ்வொருவரும் சொல்லும் ஆற்றின் பெயர் டிஸ்ட்ரிபியூட்டரிதான். கல்லணைக்கு மேலே இருப்பவர்களுக்குத்தான் மற்றது. அதற்குப் பிறகு யாரும் மாற்றி எழுதிப் பார்த்ததில்லை.

கியூசெக்கையும் டிஎம்சியையும் பற்றி ஒரு வார்த்தை. கியூசெக் என்பது ஓட்டத்தின் அளவு, வினாடிக்கு ஒரு கன அடி. டிஎம்சி என்பது இருப்பின் அளவு, 100 கோடி கன அடி. 'வினாடிக்கு இத்தனை கியூசெக்' என்று எழுதினால் வினாடி இரண்டு முறை வந்துவிடுகிறது. 11,574 கியூசெக் தண்ணீர் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. இந்த ஒரு கணக்கு தெரிந்தால் போதும், செய்தித்தாளில் வரும் அணை நிலவரம் முழுக்கப் புரியும். மேட்டூர் அணை 120 அடிக்கு நிரம்பினால் இருப்பு 93.47 டிஎம்சி.

ரைவல் என்ற சொல்லிடம் வந்தால் எனக்கு நிற்கத்தான் தோன்றும். போட்டியாளர், எதிராளி என்று படிக்கிறோம். அதன் லத்தீன் மூலம் ரிவாலிஸ். ரிவுஸ் என்றால் ஓடை, வாய்க்கால். ரிவாலிஸ் என்றால் ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவர். ரோமானியச் சட்டங்களை ஜஸ்டினியன் பேரரசர் காலத்தில் தொகுத்தார்களே, 533ஆம் ஆண்டு வெளிவந்த அந்தத் தொகுப்பில், ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் இந்த ரிவாலிஸ்களுக்குள் தகராறு வந்தால் என்ன செய்வது என்பதும் பேசப்படுகிறது. டெல்டாவில் பிறந்த எவருக்கும் இதற்கு விளக்கம் வேண்டாம். தலைமடைக்காரர் மடையைத் திறந்து வைத்துக்கொண்டால் கடைமடைக்காரருக்கு என்ன ஆகும் என்பது நம் வீட்டுப் பேச்சு.

இன்னும் கொஞ்சம் யோசித்தால், தமிழிலேயே இதற்கு ஈடான சொல் இருக்கிறது. பங்காளி. பங்கு உள்ளவர் என்பதுதான் அதன் பொருள். சித்தப்பா, பெரியப்பா மக்கள். ஒரே சொத்தில் உரிமை உள்ளவர்கள். ஆனால் பங்காளி என்று சொன்ன உடனே நமக்கு நினைவுக்கு வருவது பங்காளிச் சண்டை. பகிர்ந்துகொள்ளும் உறவு, பகையைக் குறிக்கும் சொல்லாகச் சாய்ந்தது ரோமில் வாய்க்கால் கரையில் நடந்தது. இங்கே வரப்போரத்தில் நடந்தது. போட்டியாளர் என்று மட்டும் எழுதிக்கொண்ட மாணவருக்கு இந்த ஆழம் கிடைக்காது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ரைவல் வாய்க்காலிலிருந்து வந்ததால் ரிவரும் அங்கிருந்துதான் வந்தது என்று நினைத்துக்கொள்வோம். அது வேறு வேர். ரிப்பா என்றால் லத்தீனில் கரை. அதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது ரிவர். அரைவ் என்ற சாதாரணச் சொல்லும் அதே வேரிலிருந்துதான், கரையைச் சேர்தல் என்ற பொருளில். "பிள்ளைகளைக் கரை சேர்த்துட்டேன்" என்று நம் ஊரில் சொல்கிறோமே, அந்தக் கரை. காவிரி வழக்கு ஆவணங்களில் பக்கத்துக்குப் பக்கம் வரும் ரிப்பேரியன் என்ற சொல்லும் ரிப்பாவின் பிள்ளைதான். ஆற்றங்கரைக்கு உரியவர் என்று பொருள். அப்பர் ரிப்பேரியன் என்றால் மேல்கரை மாநிலம், லோயர் ரிப்பேரியன் என்றால் கீழ்க்கரை மாநிலம். தலைமடை, கடைமடை என்று வாசித்தால் எங்கள் ஊரில் எந்தப் பாட்டியும் தலையாட்டிவிடுவார். கர்நாடகத்துக்கு நாம் கடைமடை. நமக்குக் காரைக்கால் கடைமடை. நடுவர் மன்றம் புதுச்சேரிக்கு ஒதுக்கிய 7 டிஎம்சி அங்கேதான் போய்ச் சேர வேண்டும். தஞ்சாவூருக்கு வேதாரண்யம் கடைமடை. இந்தச் சொல்லில் நிரந்தர இடம் யாருக்கும் கிடையாது. கன்னட மண்ணைத் திட்டும்போது நம் மடையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

அதே வழக்கில் இன்னொன்று. நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று தந்தது ஃபைனல் அவார்டு. அவார்டு என்றால் விருது என்று மட்டும் தெரிந்தவர்கள் அந்த வரியில் திகைத்து நிற்பார்கள். நடுவர் தரும் தீர்ப்புக்கும் அதே சொல்தான். தமிழக எல்லையில் காவிரித் தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 192 டிஎம்சி என்று அந்த அவார்டு சொன்னதை, 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் 177.25 ஆகக் குறைத்தது. நீதிமன்றம் தந்ததற்குப் பெயர் ஜட்ஜ்மென்ட். இரண்டும் தமிழில் தீர்ப்புதான்.

டிப்ரஷன் என்றால் வகுப்பில் எல்லோரும் மனச்சோர்வு என்பார்கள். கார்த்திகை மாதத்தில் வேதாரண்யத்துக்காரரிடம் கேட்டால் வேறு பதில் வரும். லோ பிரஷர் ஏரியா என்பது காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. டிப்ரஷன் என்பது தாழ்வு மண்டலம், காற்றின் வேகம் மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொட்டால் அந்தப் பெயர். 51க்கு மேல் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 63ஐத் தொட்டால் புயல். பகுதியும் மண்டலமும் பேச்சில் ஒன்றுபோல ஒலிக்கின்றன, கடலுக்குப் போகிறவர் அந்த வித்தியாசத்தைக் காதில் வாங்கியே ஆக வேண்டும். 2018 நவம்பரில் கஜா வந்து போன பிறகு எங்கள் பக்கத்துச் சிறுவர்கள்கூட இந்த வரிசையைப் பிழையில்லாமல் சொல்கிறார்கள். சைக்ளோன் என்ற சொல்லை உருவாக்கியவர் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன். சுருண்டிருக்கும் பாம்பை மனத்தில் வைத்து, 1840களில், கிரேக்கத்திலிருந்து எடுத்தார். வங்கக் கடலின் ஓரத்தில் பிறந்த சொல் அது.

ஆய்வு என்ற தமிழ்ச் சொல்லைப் பற்றி எனக்கு ஒரு கவலை உண்டு. ஆட்சியர் வந்து பார்த்தாலும் ஆய்வு, பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்குச் செய்வதும் ஆய்வு, நிலத்தை அளப்பதும் ஆய்வு, எண்ணெய் எரிவாயு தேடித் துளை போடுவதும் ஆய்வு. கடைசியாகச் சொன்னதற்கு ஆங்கிலத்தில் எக்ஸ்ப்ளோரேஷன். எடுத்து விற்பது எக்ஸ்ட்ராக்‌ஷன். "ஆய்வுதானே பண்றாங்க, பண்ணிட்டுப் போகட்டும்" என்று ஒரு கிராமம் சும்மா இருந்துவிட முடியும். 2017இல் நெடுவாசலும் கதிராமங்கலமும் சும்மா இருக்கவில்லை, எதிர்த்துப் போராடின. 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், நிலத்திலும் கடலிலும் செய்யும் எக்ஸ்ப்ளோரேஷனை மட்டும் தனியாகப் பிரித்து, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லாத வகைக்கு மாற்றியது. அடுத்த மாதமே தமிழ்நாடு அரசு கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், தடை செய்யும் பட்டியலில் எக்ஸ்ப்ளோரேஷன், டிரில்லிங், எக்ஸ்ட்ராக்‌ஷன் என்று மூன்றையும் தனித்தனியாக எழுதியது. தேடுவது, துளைப்பது, எடுப்பது. அந்த மூன்றில் ஒன்றை விட்டிருந்தால் அந்த வழியாகவே உள்ளே வந்திருக்கலாம். ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தவற்றை இந்தச் சட்டம் நிறுத்தவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இனி கடன். இங்குதான் சொல் நேராகப் பணத்தில் கை வைக்கிறது.

அடமானம் என்று நாம் சொல்வது ஆங்கிலத்தில் குறைந்தது மூன்று. நிலத்தையோ வீட்டையோ வைத்தால் மார்ட்கேஜ். நகையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ப்ளெட்ஜ். பொருள் கடன் கொடுத்தவர் கைக்குப் போய்விடுகிறது, கெடு தாண்டினால் முறையாக அறிவிப்புக் கொடுத்துவிட்டு அவர் விற்கலாம், அதற்கு நீதிமன்றம் போக வேண்டியதில்லை. டிராக்டர் வாங்கினால் ஹைப்பாதிகேஷன். வண்டி உங்கள் கொட்டகையில் நிற்கும், உரிமைக் கட்டு மட்டும் வங்கியிடம். ஆர்சி புத்தகத்தில் அந்தச் சொல் அச்சாகியிருக்கும். கடனைக் கட்டி முடித்தாலும் அது தானாக அழியாது, தடையில்லாச் சான்றும் படிவம் 35ம் கொடுத்து நீக்க வேண்டும். வண்டியை விற்கப் போகும் அன்றுதான் பலருக்கும் இது தெரிய வருகிறது. மொத்தமாகப் பணம் கொடுத்து வாடகையில்லாமல் குடியிருப்பதை நகரத்தில் லீஸ் என்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் லீஸ் என்றால் வாடகையோ குத்தகையோ பேசி விடுவது. இவர்கள் லீஸ் என்று சொல்வது நம் தாத்தாக்கள் சொன்ன ஒத்திக்கு, போக்கியத்துக்குத்தான் நெருக்கம். பழைய தமிழ்ச் சொல் சரியாக இருக்கும் இடத்தில் புது ஆங்கிலச் சொல் தவறாக உட்கார்ந்திருக்கிறது.

தள்ளுபடி இன்னும் மோசம். துணிக்கடையில் ஆடித் தள்ளுபடி, அது டிஸ்கவுண்ட். நீதிமன்றத்தில் மனு தள்ளுபடி, அது டிஸ்மிஸ். அரசு செய்யும் கடன் தள்ளுபடி வெய்வர். வங்கி தன் கணக்கேட்டில் செய்யும் தள்ளுபடி ரைட் ஆஃப். நாளிதழில் 'இத்தனை ஆயிரம் கோடி கடன் தள்ளுபடி' என்று வரும்போது அது கடைசி இரண்டில் எது என்று தலைப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

வெய்வர் என்றால் கடன் இல்லை. 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது, 16.43 லட்சம் விவசாயிகளுக்கு. அது வெய்வர். 2008இல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தின் பெயரிலேயே வெய்வர், ரிலீஃப் என்று இரண்டு சொற்கள் இருந்தன. இரண்டு ஹெக்டேர் வரை உள்ள சிறு குறு விவசாயிகளுக்கு முழு வெய்வர். மற்றவர்கள் முக்கால் பங்கைக் கட்டினால் கால் பங்குக்கு ரிலீஃப். அன்று தமிழில் எல்லாமே தள்ளுபடி என்றுதான் காதில் விழுந்தது.

ரைட் ஆஃப் என்றால், வராது என்று முடிவு செய்து வங்கி தன் ஏட்டிலிருந்து அந்தத் தொகையை எடுத்துவிடுகிறது. வாங்கியவர் கடன் அப்படியே இருக்கிறது. கேட்கலாம், வழக்குப் போடலாம்.

எங்கள் தெருவில் இருக்கும் ஒரு மாமா, நடவு இயந்திரம் வாங்கக் கடன் கேட்டுப் போனார். ஒரு வங்கி மறுத்துவிட்டது. முன்பு வாங்கிய கடன்களை எப்படிக் கட்டினார் என்று காட்டும் கடன் அறிக்கையைச் செல்பேசியில் இறக்கி வந்து என்னிடம் நீட்டினார். பழைய கடன் ஒன்றின் எதிரே 'ரிட்டன் ஆஃப்' என்று, அதாவது ரைட் ஆஃப் செய்யப்பட்டது என்று இருந்தது.

"தள்ளுபடின்னுதானே போட்டிருக்கு? அப்புறம் ஏன் இல்லைங்கிறாங்க?"

"அவங்க ஏட்டுலேருந்துதான் மாமா தள்ளியிருக்காங்க. உங்க பேருலேருந்து தள்ளலை."

வெகுநேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே இன்னொரு கடனின் எதிரே 'செட்டில்டு' என்று இருந்தது. அதைக் காட்டி, "இதையாவது செட்டில் பண்ணிட்டேன்ல, பேசி முடிச்சதுதான் இது" என்றார். செட்டில் என்பது நம் பேச்சில் கௌரவமான சொல். கணக்கைச் செட்டில் பண்ணியாச்சு என்றால் தலைநிமிர்ந்து நடக்கலாம். கடன் அறிக்கையில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு: முழுத் தொகையையும் கட்டாமல், குறைத்துப் பேசி முடித்துக்கொண்டது. அடுத்துக் கடன் கொடுப்பவர் அதையும் குறையாகத்தான் பார்ப்பார். பாக்கியில்லாமல் கட்டி முடித்த கடனுக்கு அங்கே எழுதும் சொல் 'க்ளோஸ்டு'. முகாம் போட்டு "இவ்வளவு கட்டுங்க போதும், முடிச்சுக்கலாம்" என்று அழைத்தபோது இந்த வித்தியாசத்தை யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். கையெழுத்து வாங்கும் தாளில் ஆங்கிலத்தில் இருக்கிறது என்பது சொன்னதாக ஆகாது.

ரிட்டன் ஆஃப் ஆன கடனின் பாக்கியை முழுதாகவே கட்டிவிடுவது என்று மாமா முடிவு செய்திருக்கிறார், குறைத்துப் பேசி முடிப்பது வேண்டாம் என்று. அறுவடைப் பணம் கைக்கு வந்ததும் கட்டுவார். கட்டியதும் பாக்கியில்லாச் சான்று வாங்க வேண்டும், கொஞ்ச நாள் கழித்து அறிக்கையைத் திரும்ப இறக்கிப் பார்க்க வேண்டும், மாறாமல் இருந்தால் சான்றின் நகலோடு வங்கிக்கும் அறிக்கை தரும் நிறுவனத்துக்கும் எழுத வேண்டும். செட்டில்டு, க்ளோஸ்டு என்ற இரண்டு சொற்களையும் ஆங்கில எழுத்திலேயே, எது வேண்டும், எது வேண்டாம் என்று குறித்து, ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வங்கிக்குப் போகும்போது அவர் மகள் கூடப் போகிறாள். என் வகுப்பில் படிக்கிற பெண்தான்.